குன்றுகளைக் காக்கும் கால்கள்

நுழையும்முன்

மதுரை என்றவுடன் வைகை ஆறும் வானளாவிய கோபுரங்களும் நினைவிற்கு வரும். அந்நகரைச் சூழ்ந்து நிற்கும் பாறைக்குன்றுகளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் துறவியர் தங்கிய குகைத்தளங்களும், தமிழின் தொன்மையான எழுத்துச் சான்றுகளும், பல ஊர்களின் நீர்வளமும் அக்குன்றுகளில் அடங்கியுள்ளன. குழுவாக நடந்து சென்று காணும் எளிய செயல், அவற்றைப் பாதுகாப்பதற்கு எவ்வாறு துணைபுரிகின்றது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

குன்றுகள் சூழ்ந்த நகரம்

மதுரை சமவெளியில் அமைந்த நகரம். ஆயினும், அதன் எத்திசையில் நோக்கினும் ஒரு குன்று கண்ணிற்படும். வடகிழக்கில் படுத்திருக்கும் யானையைப் போன்று ஆனைமலை தோன்றும். மேற்கில் நீண்டு வளைந்து செல்கின்றது நாகமலை. தெற்கில் திருப்பரங்குன்றமும் பசுமலையும், வடக்கில் அழகர்மலையும் உள்ளன. இவையன்றி, கீழக்குயில்குடிச் சமணர்மலை, கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டிப் பெருமாள்மலை, மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், கருங்காலக்குடி, விக்கிரமங்கலம் என ஊர்தோறும் பாறைக்குன்றுகள் நிற்கின்றன. மதுரையைச் சூழ்ந்த சமணக் குன்றுகளை 'எண்பெருங்குன்றம்' என வழங்கும் மரபும் உண்டு. தொல்லியல் அறிஞர் வெ. வேதாசலம் அப்பெயரிலேயே ஒரு நூல் எழுதியுள்ளார்.

இவை வானுயர்ந்த மலைகள் அல்ல. பெரும்பாலானவற்றின் உச்சியை ஒருமணி நேரத்திற்குள் அடைந்துவிடலாம். இந்த எளிமையே இவற்றுக்குப் பெருமையும் இடரும் ஆயிற்று. அருகிலிருப்பதனால் எவரும் ஏறிக் காணலாம். அருகிலிருப்பதனாலேயே கல்லுக்காக எளிதில் உடைத்தெடுக்கவும் இயலும்.

மலைக்கழகங்களும் மலைக்குடில்களும்

மலையேறுவோர் ஒன்றுகூடிக் கழகம் அமைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வளர்ந்தது. 1857ஆம் ஆண்டு இலண்டனில் ஆல்பைன் கழகமும், 1863ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஆல்பைன் கழகமும் தோன்றின. இந்தியாவில் 1928ஆம் ஆண்டு இமாலயக் கழகம் நிறுவப்பட்டது. சிகரம் தொடுவதோடு இத்தகைய கழகங்களின் பணி முடிந்துவிடுவதில்லை. குழுவாக நடைப்பயணம் மேற்கொள்ளுதல், வழித்தடங்களைச் சீர்செய்தல், இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தல் ஆகியனவும் பல கழகங்களின் பணிகளாயின.

அப்பணிகளுள் குறிப்பிடத்தக்கது மலைக்குடில் பராமரிப்பு. பனியும் புயலும் மிகுந்த ஆல்ப்ஸ் மலையில் வழிப்போக்கர் இரவில் தங்குவதற்குச் சிறு குடில்கள் வேண்டும். சுவிட்சர்லாந்துக் கழகம் மட்டும் ஏறத்தாழ 150 குடில்களைப் பேணி வருகின்றது. கூரையைச் செப்பனிடுவதும், நீர் ஒழுகாமல் பார்ப்பதும், பின்வருவோருக்குப் பயன்படும் வகையில் இடத்தைத் தூய்மையாக விட்டுச் செல்வதும் மலையேறுவோரின் கடமைகள். தனக்குமுன் வந்தவர் செய்துவைத்த வசதியைத் தான் நுகர்ந்து, தனக்குப்பின் வருபவருக்காக அதனைக் காத்துவைத்தல் என்பதே அக்கடமையின் உட்பொருள்.

ஈராயிரம் ஆண்டுப் பழமைவாய்ந்த உறைவிடங்கள்

மதுரைக் குன்றுகளில் மரத்தாலான குடில்கள் இல்லை. ஆனால் அவற்றினும் தொன்மையான உறைவிடங்கள் உள்ளன. உலகியல் பற்றைத் துறந்து ஊர்ஊராக நடந்த சமணத் துறவியர், மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கி நோன்பு இயற்றினர். அவர்களுக்கு இயற்கையான குகைத்தளங்களே இருப்பிடமாயின. அவற்றின் தரையில் ஒருவர் படுக்கும் அளவிற்குப் பாறையைச் சமன்செய்து கற்படுக்கைகள் வெட்டப்பட்டன. பல படுக்கைகளில் தலைப்பகுதி தலையணைபோல் சற்றே உயர்த்தி அமைக்கப்பட்டுள்ளது.

குகைத்தளத்தின் நெற்றிப்பகுதியை உற்றுநோக்குவோர்க்கு மற்றொரு நுட்பம் புலப்படும். பாறையின் மேற்பரப்பில் வழிந்தோடும் மழைநீர், பாறையைப் பற்றியவாறே உள்ளே இறங்கிப் படுக்கைகளை நனைத்துவிடும். அதனைத் தடுக்கப் பாறையின் முகப்பில் நீளமான விளிம்பு ஒன்று வெட்டப்பட்டது. இதற்குக் காடி என்பது பெயர். வழிந்துவரும் நீர் காடியின் விளிம்பை அடைந்ததும் உட்செல்ல வழியின்றி வெளியே சொட்டிவிடும். கூரையில்லாப் பாறைக்குத் தாழ்வாரம் அமைத்த இத்திறம், அக்காலக் கற்றச்சரின் அறிவிற்குச் சான்றாகும்.

பல குகைத்தளங்களின் முன்புறப் பாறையில் வட்டமான குழிகள் காணப்படுகின்றன. அவை பந்தற்கால்களை நடுவதற்கு வெட்டப்பட்டவை. கொங்கர்புளியங்குளத்துக் கல்வெட்டு ஒன்று, குகைத்தளத்திற்குக் கூரை அமைத்துக் கொடுத்தவரைக் குறிப்பிடுவதாகக் கல்வெட்டறிஞர் பொருள்கொள்வர். மாங்குளம் குன்றில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை மேற்கொண்ட அகழாய்வில் செங்கல் கட்டடப் பகுதியும் கூரை ஓடுகளும் வெளிப்பட்டன. எனவே, குன்றின்மேல் உறைவிடம் அமைப்பதும் அதனைப் பேணுவதும் இம்மண்ணுக்குப் புதியன அல்ல.

கொடையாளர் பெயர் தாங்கிய பாறைகள்

இவ்வுறைவிடங்களை அமைத்துக் கொடுத்தோர் யாவர்? விடையைப் பாறைகளே கூறுகின்றன. காடியின் அருகே 'தமிழி' எழுத்துகளில் கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882ஆம் ஆண்டு இராபர்ட் சீவெல் என்பார் கண்டறிந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதைக் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924ஆம் ஆண்டு எடுத்துரைத்தார். மாங்குளக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னன் பெயர் இடம்பெறுவதை ஐராவதம் மகாதேவன் தெளிவுபடுத்தினார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அவர் கருதும் அக்கல்வெட்டு, அரசனின் பணியாளனாகிய கடலன் வழுதி என்பவன் கணிநந்தன் என்னும் துறவிக்குப் 'பள்ளி' அமைத்ததைத் தெரிவிக்கின்றது. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் அளித்த கொடையும் அங்குப் பதிவாகியுள்ளது.

அழகர்மலையின் கிடாரிப்பட்டிக் குகைத்தளத்தில் எளிய மக்களின் பெயர்கள் மிகுதி. மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லர், உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர், பணித வணிகர் ஆகியோர் அங்குக் கொடையாளராகக் காட்சி தருகின்றனர். அறுவை என்பது துணி. கொழு என்பது கலப்பையின் இரும்பு முனை. பணிதம் என்பது வெல்லப்பாகு. உப்பு விற்றவரும் வெல்லம் விற்றவரும் தம் பொருளில் ஒரு பங்கினை, தமக்கு உறவல்லாத ஒருவர் மழையில் நனையாமல் உறங்குவதற்காகச் செலவிட்டனர். அக்கல்வெட்டுகளில் மதுரை 'மத்திரை' எனக் குறிக்கப்படுகின்றது.

கி.பி. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் இக்குன்றுகளில் மீண்டும் சமணம் தழைத்தது. அச்சணந்தி என்னும் துறவி பல குன்றுகளில் தீர்த்தங்கரர் சிற்பங்களைச் செதுக்கச் செய்தார். கீழக்குயில்குடிச் சமணர்மலையின் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் அக்காலச் சிற்பங்களைக் காணலாம். ஆனைமலையில் சமணச் சிற்பங்களோடு, கி.பி. 770இல் பாண்டிய அமைச்சர் மாறன்காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோவிலும் அமைந்துள்ளது. ஒரே குன்று பல சமயங்களுக்கும் இடமளித்த வரலாறு இதனால் விளங்கும்.

தெரியுமா?

கீழவளவுக் குகைத்தளக் கல்வெட்டில் சில எழுத்துகள் தலைகீழாகவும், சில எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவல மாற்றத்துடனும் வெட்டப்பட்டுள்ளன. தொண்டியைச் சார்ந்த ஒருவர் அளித்த கொடையை அது தெரிவிக்கின்றது. பாறைக்கு நேரே நின்று, எழுத்துகளின் திசையை மாற்றிப் பார்த்தே அதனைப் படிக்க இயலும்.

உடைபடும் குன்றுகள்

இத்தனை சிறப்புகளும் ஒரே வெடியில் மறைந்துவிடக் கூடியவை. மதுரை மாவட்டத்தின் மேலூர்ப் பகுதியில் கிடைக்கும் கிரானைட் பாறைகளுக்கு உலகச் சந்தையில் விலை மிகுதி. அதனால் பல இடங்களில் குன்றுகள் துண்டுதுண்டாக அறுத்தெடுக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டு மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், கிரானைட் எடுப்பில் நிகழ்ந்த முறைகேடுகள் குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு அவரைச் சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் செய்தது.

குன்று அழியும்போது கல்வெட்டு மட்டும் அழிவதில்லை. பாறைச் சரிவில் விழும் மழைநீர் சுனைகளில் தேங்குகின்றது. எஞ்சியது வாய்க்கால் வழியே கண்மாய்களை அடைகின்றது. கண்மாய் வயலுக்கும் கிணற்றுக்கும் நீர் தருகின்றது. குன்று இல்லாதவிடத்துக் கண்மாய்க்கு வரும் நீரின் வழி அறுபடும். கீழே உள்ள வயல் தரிசாகும். ஆகவே, குன்றைக் காத்தல் என்பது வரலாற்றை மட்டுமன்றி வாழ்வாதாரத்தையும் காப்பதாகும்.

பசுமை நடை

2010ஆம் ஆண்டு ஆனைமலையைச் சிற்ப நகரமாக மாற்றும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. மலையடிவாரத்து ஊர்மக்கள் அதனை எதிர்த்தனர். திட்டம் கைவிடப்பட்டது. அப்போராட்டத்தை ஒட்டி மதுரையில் எழுந்த சிந்தனை எளிமையானது: ஒரு மலையின் அருமையை அறியாதவர் அதனை இழக்கும்போது வருந்தமாட்டார், ஆதலால் மக்களை முதலில் மலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணனும் அவருடைய நண்பர்களும் இவ்வாறு தொடங்கிய இயக்கமே 'பசுமை நடை' ஆகும்.

மாதந்தோறும் ஒரு விடுமுறை நாளின் காலைப்பொழுதில் ஒரு குன்று அல்லது தொன்மையான இடம் தேர்ந்தெடுக்கப்படும். ஆசிரியர், மாணவர், வணிகர், இல்லத்தரசியர், சிறுவர், முதியவர் எனப் பலரும் ஒன்றுகூடி நடப்பர். வெயில் ஏறுமுன் குன்றில் ஏறிக் குகைத்தளத்தை அடைந்ததும், தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் கல்வெட்டின் அருகே நின்று அதன் எழுத்தையும் பொருளையும் விளக்குவர். பின்னர் அனைவரும் கீழே இறங்கி மரநிழலில் ஒன்றாக அமர்ந்து உண்பர். போட்டியோ பரிசோ அங்கு இல்லை. முதலில் உச்சியை அடைந்தவர் யார் என்னும் கேள்வியும் இல்லை.

இத்தகைய நடையில் கல்வி மூன்று நிலைகளில் நிகழ்கின்றது. புத்தகத்தில் ஒரு வரியாகக் கற்ற 'தமிழி' எழுத்தைப் பாறையில் நேரிற் காண்பது முதல் நிலை. அக்கல்வெட்டு இருக்கும் ஊரின் மக்களோடு பேசி, குன்றுக்கும் கண்மாய்க்கும் கோவிலுக்கும் உள்ள தொடர்பை உணர்வது இரண்டாம் நிலை. கண்டதைப் பிறருக்கு எடுத்துரைக்கும் பொறுப்பை ஏற்பது மூன்றாம் நிலை. மூன்றாம் நிலையை அடைந்தவரே குன்றின் காவலராகின்றார்.

நடப்போர் அறியவேண்டியவை

குழுநடைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வழியறிந்த ஒருவர் முன்செல்ல, பொறுப்புள்ள ஒருவர் இறுதியில் வரவேண்டும். ஏனையோர் அவ்விருவருக்கும் இடையில் நடக்கவேண்டும். குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம். புறப்படும்போதும் திரும்பும்போதும் எண்ணிக்கையைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

மதுரைக் குன்றுகளில் நிழல் குறைவு. முற்பகலிலேயே பாறை சுடத் தொடங்கிவிடும். ஆகவே விடியற்காலையில் ஏறத் தொடங்கி, வெயில் முற்றுமுன் இறங்கிவிடுதல் நன்று. மழை பெய்த மறுநாள் பாசி படர்ந்த பாறை வழுக்கும்; ஏறுவதினும் இறங்குவதில் கூடுதல் கவனம் தேவை. பாறை இடுக்குகளில் பெருந்தேனீக்கள் கூடு கட்டியிருக்கும். புகையும் பேரொலியும் அவற்றைச் சினமூட்டும் என்பதால் தீமூட்டுதலும் கூச்சலிடுதலும் கூடா.

அடர்காடுகள் உள்ள மலைகளில் வனத்துறையின் இசைவு பெற்றே செல்லவேண்டும். 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேற்றத்திற்குச் சென்றோர் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல் எத்துணை விரைவாகத் தீப்பற்றும் என்பதை அத்துயரம் உணர்த்தியது. அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்திற்கு ஒழுங்குமுறை விதிகள் வகுக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு 40 மலையேற்ற வழித்தடங்களை அறிவித்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் செல்லும் முறையைத் தொடங்கியது. துணிவு மட்டும் மலையேற்றத்திற்குப் போதாது. முன்னறிவும் கட்டுப்பாடும் வேண்டும்.

பராமரிப்பின் பொருள்

ஆல்ப்ஸ் மலையின் குடிலைப் பராமரிப்போர் ஆணியும் சுத்தியலும் எடுத்துச் செல்வர். மதுரைக் குகைத்தளத்தைப் பராமரிப்போர் எதனையும் எடுத்துச் செல்லாதிருத்தலே முறை. கற்படுக்கையின்மேல் சுண்ணாம்பு பூசுவதும், எழுத்து நன்கு தெரியவேண்டும் என்று கல்வெட்டைச் சுரண்டுவதும், சிற்பத்தின்மீது எண்ணெய் தடவுவதும் தீங்கே விளைக்கும். செப்பனிடும் பணி தொல்லியல் துறையினருக்கு உரியது. மற்றவர்க்குரிய பணிகள் வேறு: ஞெகிழிக் குப்பைகளை அகற்றுதல், காண்பவற்றை ஒளிப்படமாகவும் குறிப்பாகவும் பதிவுசெய்தல், சிதைவு தென்பட்டால் அதிகாரிகளுக்குத் தெரிவித்தல் ஆகியன.

பல கற்படுக்கைகளில் இன்று புதிய பெயர்கள் கீறப்பட்டுள்ளன. அங்கே இருவகைப் பெயர்கள் அருகருகே உள்ளன. கடலன் வழுதியின் பெயர் அங்கு நிற்பதற்குக் காரணம் அவன் அளித்த கொடை. கூரிய கல்லால் கீறப்பட்ட பெயருக்கோ அழித்தலன்றி வேறு காரணம் இல்லை. 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாட்டு முதன்மை வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போர்க்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனையோ ஓர் இலட்சம் உரூபாய் வரை தண்டத்தொகையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அரிட்டாபட்டி காட்டிய வழி

மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி, ஏழு குன்றுகள் சூழ்ந்த சிற்றூர். அங்குத் தமிழிக் கல்வெட்டுகளும், சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும், முற்காலப் பாண்டியர் குடைவரைக் கோவிலும் உள்ளன. சுனைகளும் கண்மாய்களும் நிறைந்த அப்பகுதியில் ஏறத்தாழ 250 பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் லகர் வல்லூறு அரிதானது. தேவாங்கும் எறும்புதின்னியும் மலைப்பாம்பும் அங்கு வாழ்கின்றன. 2022ஆம் ஆண்டு நவம்பரில், அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193.42 எக்டேர் பரப்பைத் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அத்தகுதி பெற்ற முதல் தலம் அதுவே.

ஈராண்டுகளில் ஒரு சோதனை வந்தது. 2024ஆம் ஆண்டு நவம்பரில், அப்பகுதியை உள்ளடக்கிய 2,000 எக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் டங்ஸ்டன் கனிமம் எடுப்பதற்கான ஏல முடிவு வெளியாயிற்று. கிராமசபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் அவ்வேலத்தை நீக்கக் கோரித் தீர்மானம் இயற்றியது. 2025ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் திரளான மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். சனவரி 23ஆம் நாள் ஒன்றிய அரசு அவ்வேலத்தை நீக்கியது.

அவ்வெற்றி முதன்மையாக ஊர்மக்களுக்கு உரியது. எனினும், அவர்கள் தம் குன்றைப் பற்றிப் பேசியபோது வெறும் உணர்ச்சியை மட்டும் முன்வைக்கவில்லை. கல்வெட்டின் காலம், குடைவரையின் சிறப்பு, பறவைகளின் எண்ணிக்கை, சுனைகளின் இருப்பிடம் ஆகியவற்றையும் சான்றாகக் காட்ட முடிந்தது. அச்சான்றுகள் ஒருநாளில் திரண்டவை அல்ல. கல்வெட்டறிஞரும் பறவை நோக்கரும் ஊர் இளைஞரும் பல்லாண்டுகள் குன்றுகளில் நடந்து நடந்து திரட்டியவை. கனிமத்தின் மதிப்பை எண்ணால் குறிப்பவர்க்கு, குன்றின் மதிப்பையும் உறுதியான செய்திகளால் எடுத்துரைக்க வேண்டியுள்ளது. அச்செய்திகளை அறிவதற்கு நடப்பதைவிடச் சிறந்த வழி இல்லை.

இளையோரின் கடமை

மதுரை மாவட்டத்தில் மட்டுமன்றித் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இத்தகைய குன்றுகள் உண்டு. சித்தன்னவாசலும் திருமலையும் சில எடுத்துக்காட்டுகள். பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர் இயக்கம், தேசியப் பசுமைப் படை ஆகிய அமைப்புகளின் வழியே மாணவர்கள் ஆசிரியர் துணையுடன் அவற்றைக் காணச் செல்லலாம். 'பள்ளி' என்னும் சொல்லே ஒருகாலத்தில் படுக்கையையும் துறவியர் உறைவிடத்தையும் குறித்தது. பின்னர்க் கல்வி கற்கும் இடத்திற்குப் பெயராயிற்று. குன்றின்மேல் உள்ள பழைய பள்ளிக்கு இன்றைய பள்ளி மாணவர் செல்வது, அவ்வகையில் பொருத்தமான பயணமே ஆகும்.

முன்பின் அறியாத துறவி ஒருவருக்காக உப்பு வணிகர் ஒருவர் பாறையைச் செதுக்கச் செய்தார். அவர் அமைத்த படுக்கை ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. அதனை அடுத்த தலைமுறையும் காணுமாறு விட்டுச் செல்வது இன்று அங்கு ஏறிச் செல்வோரின் பொறுப்பு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள குன்று, கண்மாய் அல்லது தொன்மையான இடம் ஒன்றினைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.

2. தமிழி எழுத்துகளில் உங்கள் பெயரைத் தாளில் எழுதிப் பழகுக. அதனைப் பாறையிலோ சுவரிலோ எழுதலாகாது என்பதற்கான காரணங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. பள்ளியிலிருந்து குழுநடை ஒன்றிற்குத் திட்டமிடுவதாகக் கொண்டு, பாதுகாப்பு அறிவிப்புகள் அடங்கிய சுற்றறிக்கை ஒன்றினை உருவாக்குக.